மலைச்சரிவில் ஓர் எறிவட்டம்

சம்மட்டி எறிதலுக்கான சர்வதேச விதிகளில் நிலத்தைப் பற்றி ஒரு விதி உண்டு. குண்டு விழும் களம், எறியும் திசையில், ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு மேல் கீழே சரியக் கூடாது. அறுபது மீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் ஆறு சென்றிமீற்றர். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமோ, ஹாலிஎல, தெமோதரை தாண்டி அப்புத்தளைப் பக்கமோ போய் வருகிறவர்களுக்கு இந்த ஆறு சென்றிமீற்றரின் கனத்தை விளக்கத் தேவையில்லை. அங்கே சமதரை என்று இருப்பதெல்லாம் மனிதர் வெட்டி நிரவியது. வெட்டிய கைகள் தோட்டத் தொழிலாளருடையவை. வெட்டிய இடத்தில் எழுந்தவை தேயிலைத் தொழிற்சாலை, துரை பங்களா, கிளப் மைதானம்.

எறிகளம் 34.92 பாகையில் விரிந்துகொண்டே போகும். அறுபதாவது மீற்றரில் அதன் அகலம் 36 மீற்றர். பரப்பு ஏறக்குறைய 1,100 சதுர மீற்றர், நமது காணிக் கணக்கில் 43 பேர்ச். தோட்டக் குடும்பம் ஒன்றுக்குத் தனிவீடு கட்ட ஒதுக்கப்பட்டுவந்த காணி ஏழு பேர்ச். ஆக ஓர் எறிகளம் ஆறு வீட்டுக் காணிக்குச் சமம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததைப் பார்த்தது இந்தப் பதுளை மாவட்டம். இங்கே கிடைக்கிற பாதுகாப்பான சமநிலம் முதலில் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் பதுளை அடங்கும் ஊவா மாகாணத் தோட்டங்களிலிருந்து ஒரு சம்மட்டி வீரர் ஒலிம்பிக் வரை போகாததற்கு நிலத்தை மட்டும் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. பதுளை நகரில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. தியத்தலாவையில் இராணுவ மைதானம் இருக்கிறது. மலையகத்திலிருந்து ஓட்ட வீரர்கள் வந்திருக்கிறார்கள். இராணுவத்தின் சார்பில் ஓடிய குமார் சண்முகேஸ்வரனின் பெயர் நெடுந்தூர ஓட்டத்தைக் கவனிக்கும் எல்லாருக்கும் தெரியும். ஓடுவதற்குத் தோட்டத்து ரோட்டும் இரண்டு கால்களும் ஆரம்பத்துக்குப் போதும். சம்மட்டிக்கு அப்படி ஓர் ஆரம்பம் கிடையாது. ஒருவரைப் பதினான்கு வயதில் பிடித்து முப்பது வயது வரை கைவிடாமல் வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு அதற்கு வேண்டும். மற்ற எறிதல்களைவிட இதில்தான் அந்த ஏற்பாட்டின் தேவை அதிகம் என்பது என் முடிவு. ஏன் என்று பார்க்க, முதலில் வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கான சம்மட்டி 7.26 கிலோ, குண்டு போடுதலில் போடும் குண்டின் அதே எடை. பெண்களுக்கு 4 கிலோ. பெயர்தான் சம்மட்டி, மரக்காம்பும் இல்லை, அடிக்கும் முகமும் இல்லை. ஓர் உலோகக் குண்டு, மெல்லிய உருக்குக் கம்பி, முக்கோணம் போன்ற ஒரு பிடி. பிடியிலிருந்து குண்டின் கடைசி வரை 121.5 சென்றிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. எறிவட்டத்தின் விட்டம் 2.135 மீற்றர். வீரர் களத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். கையுறை போட்ட கையால் பிடியைப் பற்றி, மற்றக் கையை அதன் மேல் மூடி, தலைக்கு மேலாகக் குண்டை இரண்டு முறை சுழற்றுவார். பிறகு உடம்பே சுழலத் தொடங்கும். ஒரு பாதம் குதிகாலிலும் விரல்நுனியிலுமாக மாறி மாறித் தரையை விடாமல் திரும்பும். மற்றக் கால் ஒவ்வொரு சுற்றிலும் எழுந்து எழுந்து ஊன்றும். மூன்று சுற்று அல்லது நான்கு சுற்று. எண்பது மீற்றருக்கு மேல் எறிகிறவரின் கையை விட்டுக் குண்டு கிளம்பும்போது வேகம் மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தாண்டியிருக்கும். அந்தக் கணத்தில் கம்பி அவரை வெளியே இழுக்கும் விசை முந்நூறு கிலோ எடைக்கு மேல். அவர் அதற்கு எதிராகச் சாய்ந்து, அதை எதிர்த்து இழுக்காமல், அதனோடு சேர்ந்து சுழல வேண்டும். குண்டை இழுத்துப் பிடிக்கத் தொடங்கினால் தோள் சுருங்கும், வட்டம் சிறுக்கும், தூரம் போய்விடும்.

இதைக் கற்க ஆண்டுகள் பிடிக்கும். பலமுள்ள பையன் ஒருவனிடம் ஈட்டியைக் கொடுத்தால் அன்று மாலையே ஏதோ ஒரு தூரம் எறிந்துவிடுவான். சம்மட்டியைக் கொடுத்தால் முதல் நாள் அவன் எறிவது பெரும்பாலும் வலைக்குள்தான் விழும். பாதத்தின் திருப்பம் உடம்பில் ஊற ஆயிரக்கணக்கான எறிதல்கள் வேண்டும். உலகத் தரத்துப் பெரும் எறிதல்கள் இருபத்தைந்து வயதுக்குப் பிறகு வருவதே வழக்கம், முப்பதுகளின் நடுவிலும் வரும். கொழுந்து மலையில் நாள் முழுக்க நின்று பழகிய உடம்புகளின் உறுதியை நான் மதிக்கிறேன். முள்ளுக்குத்துகிறவர்களின் தோளையும் கவ்வாத்து வெட்டுகிறவர்களின் மணிக்கட்டையும் பார்த்தவர்கள் தோட்டத்தில் பலமில்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பலத்தைச் சம்மட்டிக்குத் திருப்ப வேண்டிய பத்தாண்டுகளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

தமிழர் எல்லாருக்கும் முகம் தெரிந்த ஒரு சம்மட்டி வீரரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1990 தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் மதனின் மெய்க்காவலராக வரும் ஆறரை அடி மனிதர், பீம். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனாக நடித்தவரும் அவர்தான். பிரவீண் குமார் சோப்தி. படம் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் ஆசியாவின் முன்னணி எறிதல் வீரர் என்று தெரிந்திருக்கும்? பஞ்சாபின் சர்ஹாலிக் கிராமத்தில் பிறந்தவர். இருபது வயதுகூட ஆகாத நிலையில், 1966இல் ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் அறுபது மீற்றரைத் தாண்டி எறிந்து சம்மட்டியில் வெள்ளி வென்றார். தங்கம் இங்கிலாந்தின் ஹவார்ட் பெய்னுக்கு. ஹங்கேரியின் கியூலா சிவோட்ஸ்கி வைத்திருந்த அன்றைய உலகச் சாதனை 73.74 மீற்றர். அதே ஆண்டு பேங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தட்டெறிதலில் தங்கம், சம்மட்டியில் வெண்கலம். 1970இல் மீண்டும் பேங்கொக்கில் தட்டெறிதலில் தங்கம், 1974இல் தெஹ்ரானில் வெள்ளி. மெக்சிகோ, மியூனிக் ஒலிம்பிக்குகளிலும் கலந்துகொண்டார்.

ஒரு கிராமத்துப் பையனை இவ்வளவு தூரம் கொண்டுபோனது எது? உடம்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எல்லைப் பாதுகாப்புப் படை அவரை வேலைக்கு எடுத்துச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் கொடுத்தது. இந்தியாவில் படைகளும் ரயில்வேயும் பொலிஸும் இல்லாவிட்டால் எறிதல் விளையாட்டே இருந்திருக்காது என்று சொல்லலாம். ஆனால் பிரவீண் குமாரின் பாதையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரிகிறது. தொடக்கத்தில் சம்மட்டியில் பொதுநலவாய வெள்ளி வரை போனவரின் பிற்காலப் பதக்கங்கள் எல்லாம் தட்டெறிதலில். சம்மட்டியின் நுட்பம் ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஆண்டு முன்னேறிய காலம் அது. அந்த நுட்பத்தைப் பிடித்துக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளி இந்தியாவில் அப்போது உருவாகவில்லை. பிறகு சினிமா வந்தது. கடைசிக் காலத்தில், மற்ற வீரர்களுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் பஞ்சாப் அரசிடமிருந்து தனக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே முறையிட்டார். 2022 பெப்ரவரி 7ஆம் திகதி காலமானார். நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்த மனிதர் எழுபது வயதுக்கு மேல் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது எனக்கு இன்றும் வலிக்கிற செய்தி.

அவர் பேங்கொக்கில் இரண்டாவது தங்கம் வென்ற அதே 1970 போட்டியில் சம்மட்டித் தங்கத்தை எடுத்தவர் ஜப்பானின் ஷிகெனோபு முரோஃபுஷி. 1970, 1974, 1978, 1982, 1986 என்று ஐந்து ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தொடர்ந்து அவருக்கே தங்கம். தன் மிகச் சிறந்த எறிதலான 75.96 மீற்றரை 1984இல், முப்பத்தெட்டு வயதில் எறிந்தார். பிறகு சுக்யோ பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்து தன் மகன் கோஜியை வளர்த்தார். கோஜியின் தாய் ருமேனியாவின் ஈட்டி வீராங்கனை. தந்தையின் ஜப்பானியச் சாதனையை 1998இல் மகனே முறியடித்தார். 2003இல் பிராக் நகரில் 84.86 மீற்றர்.

கோஜி முரோஃபுஷியின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமது விவாதத்துக்கு அது நேரடியாக உதவுகிறது. உயரம் 187 சென்றிமீற்றர், எடை நூறு கிலோவுக்கு அருகில். சம்மட்டி உலகில் இது சிறிய உடம்பு. 110, 120 கிலோ எடையுள்ளவர்களோடு அவர் போட்டியிட்டார். குறைந்த எடையை அறிவால் ஈடுகட்டினார். பாரம் தூக்கும் தண்டின் இரு முனைகளிலும் சம்மட்டிகளைத் தொங்கவிட்டு, அவை தாறுமாறாக ஆடும்போது உடம்பைச் சமநிலையில் வைத்திருக்கப் பழகினார். குண்டின் வேகமாற்றத்தை உணரியால் அளந்து, அதை ஒலியாக மாற்றி, சுழலும்போதே காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளும் முறையை ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 2007இல் சம்மட்டி எறிதலின் உயிரியக்கவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மிசுனோ என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் அவரை ஊழியராக வைத்திருந்தது. 1995 முதல் 2014 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம். 2011இல் தேகுவில் உலகப் பட்டம் வென்றபோது வயது முப்பத்தாறு.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் 82.91 மீற்றர் எறிந்து இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் பெற்ற ஹங்கேரியின் அட்ரியன் அன்னுஷ், போட்டிக்குப் பிந்திய ஊக்கமருந்துச் சோதனைக்கு வர மறுத்ததால் தங்கத்தை இழந்தார். அது முரோஃபுஷிக்கு வந்தது. சம்மட்டியின் வரலாற்றில் ஊக்கமருந்தின் நிழல் நீளமானது. 1986இல் ஸ்ருட்கார்ட்டில் யூரி செடிக் எறிந்த 86.74 மீற்றர் இன்றும் உடையாமல் நிற்பதைப் பேசும்போது அந்தக் காலத்தில் சோதனைகள் எவ்வளவு தளர்வாக இருந்தன என்ற பேச்சும் கூடவே வரும். பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்பச் சொல்கிற எவரும் இதை மறைக்கக் கூடாது.

முரோஃபுஷி குடும்பத்தின் கதையில் தகப்பன், பல்கலைக்கழகம், கம்பெனி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கிப் பிடித்தன. ஊவாவில் ஒரு பிள்ளைக்கு இந்தத் தாங்கல் எங்கெங்கே அறுகிறது?

முதல் அறுபடல் ஐந்து வயதுக்கு முன்பே. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது ஏறத்தாழ 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. சம்மட்டியில் நீண்ட கையும் உயர்ந்த தோளும் வட்டத்தைப் பெரிதாக்கும், வட்டம் பெரிதானால் வேகம் கூடும். அந்த உயரத்தைத் தாயின் வயிற்றிலும் பிள்ளை மடுவத்திலுமே நாம் பறித்துவிடுகிறோம். நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்ததை ஒவ்வொரு முறையும் பெரிய வெற்றியாகப் பேசினோம். அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், போட்ட நாளில் அந்த வீட்டில் முட்டை வாங்குவார்களா என்று கேட்டால் விளையாட்டுத் துறையின் பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இதைச் சொல்லும்போது முரோஃபுஷியின் நூறு கிலோவையும் மறக்கக் கூடாது: வளர்ச்சி குன்றாத மற்ற இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குள் சம்மட்டிக்கு ஏற்ற உடம்புகள் நிச்சயம் இருக்கின்றன.

இரண்டாவது, பாடசாலை. தோட்டப் பாடசாலைகளை அரசு எழுபதுகளில் பொறுப்பேற்கும் வரை அவை பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம் என்ற நிலையில் இருந்தன. இன்று பதுளை சரஸ்வதி, பசறை தமிழ் தேசிய பாடசாலை, பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரி போன்ற பெரிய பாடசாலைகள் உண்டு. ஆனால் மலை மேலுள்ள சிறிய பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் ஓட்டம், பாய்ச்சல், குண்டு போடுதல், தட்டு, ஈட்டி அளவில் முடிந்துவிடும். மூத்த மாணவர்களுக்குத் தேசிய மட்டத்தில் சம்மட்டி இருக்கிறது. கீழே கோட்ட மட்டத்தில் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட வாய்ப்பு இல்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பையன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறான். அந்தப் பதினாறு வயது, சம்மட்டி வீரர் ஒருவர் உருவாகத் தொடங்கும் வயது.

கருவியும் வட்டமும் இருந்தாலும் வலைக்கூண்டு இல்லாமல் சம்மட்டியைத் தொடக் கூடாது. 2019 ஒக்டோபரில் கேரளத்தின் பாலாவில் நடந்த மாநில இளையோர் போட்டியில் ஈட்டி எறிதலும் சம்மட்டி எறிதலும் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் நடந்தன. ஈட்டிகளை எடுக்கத் தொண்டு செய்த ஒரு பாடசாலை மாணவரின் தலையில் சம்மட்டிக் குண்டு விழுந்து, அதே மாதத்தில் அவர் இறந்தார். அனுபவமுள்ள அமைப்பாளர்கள் நிறைந்த கேரளத்திலேயே இது நடந்தது. ஆகவே ‘எங்கள் பிள்ளைகளுக்கும் சம்மட்டி கொடுங்கள்’ என்று கேட்பதற்கு முன், குறைந்தது ஏழு மீற்றர் உயர வலையும் களத்தில் வேறு எவரும் நிற்காத தனி நேரமும் கேட்க வேண்டும். வின்சன்ட் டயஸ் மாதிரிப் பொது மைதானத்தில் கிரிக்கெட்காரருக்கும் ஓட்டக்காரருக்கும் நடுவே அந்த நேரத்தை வாங்குவது எளிதல்ல. புல்தரையில் குண்டு தோண்டும் குழிகளுக்காகவும் சண்டை வரும்.

மூன்றாவது அறுபடல் வேலை. இலங்கையில் மெய்வல்லுநர்களுக்குச் சோறு போடும் பெரிய நிறுவனம் இராணுவம். அதன் மைதானம் பதுளை மாவட்டத்திலேயே, தியத்தலாவையில் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அது பக்கத்து ஊர். ஆனால் போர்க்காலத்தில் மலையக இளைஞர் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட நினைவும், 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்ட நினைவும் பெற்றோர் மனத்தில் இருக்கின்றன. சீருடையைப் பார்த்துத் தயங்கும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தயக்கத்தைக் கடந்து போய் ஓடிச் சாதித்தவர்களையும் மதிக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது, படைக்கு வெளியே ஒரு வழி இருக்க வேண்டும் என்பதே சரி. மாகாண சபை, பெருந்தோட்டக் கம்பெனிகள், மின்சார சபை, வங்கி, எதுவாகவும் இருக்கலாம். மிசுனோ முரோஃபுஷிக்குச் செய்ததை ஒரு தேயிலைக் கம்பெனி ஊவாவின் ஓர் எறிதல் வீராங்கனைக்குச் செய்ய முடியாதா?

தமிழ்ப் பாடசாலை ஒன்று எறிதலில் மரபை உருவாக்க முடியும் என்பதற்கு வடக்கே பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி இருக்கிறது. அங்கே எறிதல் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கற்றுக்கொடுக்கப்படுகிறது. அண்ணன் எறிந்ததைத் தம்பி பார்க்கிறான், பழைய மாணவர்கள் கருவி வாங்கிக் கொடுக்கிறார்கள். உலக அளவில் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைப் பாருங்கள். ஆண்கள், பெண்கள் இரு சம்மட்டித் தங்கமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கே போயின. நனைமோ என்ற சிறு நகரத்தின் ஈதன் கட்ஸ்பெர்க் 84.12 மீற்றர் எறிந்தபோது வயது இருபத்திரண்டு. ரிச்மண்டின் கம்ரின் ரொஜர்ஸ் பன்னிரண்டு வயதில் உள்ளூர்க் கழகத்தில் சம்மட்டியைத் தொட்டவர். பெரிய விளையாட்டரங்குகள் அல்ல, ஒரு மாகாணத்துக்குள் சில பயிற்றுநர்கள் விடாமல் ஊன்றி நின்றதே அங்கே பலன் தந்தது.

ஊவாவில் தொடங்குவதென்றால் பெண்பிள்ளைகளிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். பெண்களுக்கான சம்மட்டி ஒலிம்பிக்கில் 2000இல்தான் சேர்க்கப்பட்டது. சிட்னியில் நடந்த அந்த முதல் போட்டியில் தங்கம் வென்ற போலந்தின் கமிலா ஸ்கோலிமோவ்ஸ்காவுக்கு வயது பதினேழு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் எறிவது 3 கிலோ சம்மட்டி, களமும் சிறியது போதும். தெற்காசியாவில் போட்டியும் ஆண்கள் பிரிவு அளவுக்குக் கடுமையில்லை. தோட்டத்தில் பெண்களே உழைப்பின் பெரும்பகுதியைச் சுமக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை விளையாட்டில் கிடைப்பதோ மிகச் சிறிய பங்கு.

செலவை யோசித்தால் இது அடைய முடியாத கனவில்லை. மாகாணம் முழுவதுக்கும் ஒரே ஓர் எறிவட்டம், நல்ல வலைக்கூண்டோடு, பதுளையிலோ பண்டாரவளையிலோ. பசறை, லுணுகலை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கத்திலிருந்து தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு வார இறுதியில் பஸ் கட்டணமும் ஒரு நேரச் சாப்பாடும். தமிழும் சிங்களமும் பேசும் ஒரு பயிற்றுநர், அதே ஆள், குறைந்தது பத்து ஆண்டுகள். இடமாற்றப் பட்டியலில் அந்த ஒரு பெயரை மட்டும் தொடாமல் வைக்க வேண்டும். உயர்தரம் முடித்ததும் வேலை தர ஒரு நிறுவனம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெற்றோர் முதலில் கேட்கப் போவது அதைத்தான். வட்டத்தையும் வலையையும் ஒரு நிதியாண்டில் கட்டிவிடலாம். பயிற்றுநரின் பத்தாண்டையும் பிள்ளையின் வேலையையும் மாகாண சபை இன்றே எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளிலிருந்து தேர்வைத் தொடங்கலாம்.